அரைச் சுரம் ஏற்றியவன்

அந்த இசைத்தட்டில் பியானோ வாசித்திருப்பவர் மிஸஸ் சந்தானி அல்லர். என் மதினி எஸ்தர். மதினி வாசித்ததை எடுத்து, வேகத்தைக் கூட்டி, சுருதியை அரைச் சுரம் ஏற்றி, வேறொரு பெண்மணியின் பெயரில் உங்கள் வீட்டுக்கு அனுப்பி வைத்தவன் நான்.

இதைத் திருட்டு என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். ஆனால் திருட்டு இதில் பாதிகூட இல்லை... மீதியைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களிடம் அந்தத் தட்டு இருக்கலாம். உறையில் ஒரு நீலப் பூஜாடியும் பக்கத்தில் அந்த அம்மாளும். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்தால் இரண்டாம் பக்கத்தின் கடைசி இசையை ஓடவிட்டு, ‘சோகச் சுருதியில் இப்படி ஒரு மலர்ச்சி!’ என்று நீங்கள் வியந்திருக்கலாம். ஆங்கிலப் பத்திரிகையின் இசை விமர்சகர் அப்படித்தான் எழுதினார். நீங்களும் அதைப் படித்துவிட்டுத்தானே வியந்தீர்கள்?

மலர்ச்சியாம்! புருஷனைப் புதைத்த ஒரு பெண் அதை எப்படி வாசித்தாள் என்று எனக்குத் தெரியும். அந்த அறையில் நான் இருந்தேன். உங்கள் மலர்ச்சியை உண்டாக்கியது ஒரு சவர பிளேடும் கொஞ்சம் பசை நாடாவும். அவற்றைப் பிடித்திருந்தது இந்தக் கை.

என் கோபம் யார்மேல் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. உங்கள்மேலும் இருக்கிறது. என்மேல்தான் அதிகம் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் இது வாக்குமூலம்... நன்றாக இருப்பதற்காக எதையும் சொல்லக்கூடாது.

என் அண்ணன் பம்பாயில், வடாலாவில் ரயில்வே கிளார்க்காக இருந்தான். அறுபதுகளின் தொடக்கத்தில் மஞ்சள் காமாலை கண்டு, இரண்டு வாரங்கூடப் படுக்காமல் போய்விட்டான். மதினிக்கு மிஞ்சியது லில்லி என்ற சிறுமியும், திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் போர்டிங்கில் கற்றுக்கொண்ட பியானோவும். செம்பூரில் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்துக்கு வாசிக்கவும், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அண்ணன் இருக்கும்போதே அவரைத் தற்காலிகமாக எடுத்திருந்தார்கள். வடாலாவிலிருந்து ஹார்பர் லைன் ரயிலில் போய் வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவியில் எங்கள் சபைக் கோயிலுக்கு வருவார். அங்கே பியானோ கிடையாது. காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்கன். பாடகர் குழு எழுந்து நின்றதும் மதினி ஆர்கனைத் தொடாமலே ‘ம்...’ என்று மெல்ல முனகுவார். குழு அந்தச் சுரத்தைப் பிடித்துப் பாடத் தொடங்கும். இரண்டாம் அடியில் ஆர்கன் சேரும்போது இம்மியும் விலகியிருக்காது. எங்கள் சபையில் இதை யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. எஸ்தரக்காவுக்குக் காது அப்படி, அவ்வளவுதான்.

அந்தக் காதைத்தான் நான் கெடுத்தேன். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மாஹிமில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. பழைய பங்களா ஒன்றின் கீழ்த்தளம். சுவரெல்லாம் சணல் சாக்கு. மராத்தி பஜனைகள், சோப்பு விளம்பரங்கள், எப்போதாவது ஒரு நாடகம். முதலாளி நாயக் சாகிப். நான் டேப் மாட்டுகிறவன், மைக் நகர்த்துகிறவன். ‘ரெக்கார்டிஸ்ட்’ என்ற பெயர் எனக்குக் கிடையாது. மெயின் ரெக்கார்டிஸ்ட் வேறு வேலைக்குப் போய் மாதங்களாகியும், அவர் வேலை முழுவதையும் நானே செய்தும், சாகிப் என்னை எல்லோரிடமும் ‘நம்ம மதராஸி பையன்’ என்றுதான் சொல்வார். எனக்கு வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது.

மிஸஸ் சந்தானி பெரிய ஏற்றுமதி வியாபாரியின் மனைவி. சில மாதம் வெளிநாட்டில் பியானோ படித்தவர். தனக்கென்று ஓர் இசைத்தட்டு வர வேண்டும் என்பது அவர் ஆசை. கணவர் அதற்கு ஏற்பாடு செய்தார். எங்கள் கூடத்துக்கு அதுவரை இல்லாத பெருமை! நல்ல பியானோ ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஆறு பேர் தூக்கி வந்து வைத்தார்கள்.

பியானோவுக்கு மைக் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. யாராவது வாசித்தால்தான் நகர்த்தி நகர்த்திப் பார்க்க முடியும். மிஸஸ் சந்தானி வருவதற்கு முந்தைய நாள், பள்ளிக்கூடம் முடிந்ததும் மதினியை வரச் சொன்னேன்.

அவர் பியானோவின் முன்னால் உட்கார்ந்ததும் கொஞ்ச நேரம் கையை வைக்கவே இல்லை. சேலை முந்தானையால் கட்டைகளைத் துடைத்தார். அவற்றில் தூசியே இல்லை. பிறகு ஒரு மெதுவான இசையை எடுத்தார். ஜெர்மன் தேசத்துப் பழைய ஆசான் ஒருவர் எழுதியது என்று சொல்லியிருக்கிறார். டி மைனர். மேற்கத்திய இசையில் துக்கத்துக்கென்றே இருப்பதுபோன்ற ஒரு சுருதிக் குடும்பம். அண்ணனை அடக்கம் செய்துவிட்டு வந்த மறுநாள், ஜெபத்துக்கு வாசிக்கப் போன பள்ளிக்கூடத்தில், பிள்ளைகள் போன பிறகு தனியாக இதை வாசித்ததாக ஒருமுறை சொன்னார்.

அவ்வளவு மெதுவாகவா ஒருவர் வாசிப்பார்! ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவே நான் மைக்கைத் தூக்கிக்கொண்டு போய் வேறு மூலையில் வைத்துவிடலாம் போலிருந்தது. ஆனால் நகர முடியவில்லை. நின்றுவிட்டேன். சில இடங்களில் அவர் கையை எடுத்துவிட்டு, பியானோவின் ஒலி அடங்கும்வரை காத்திருந்தார். அந்த மௌனத்தில் மாஹிம் ஸ்டேஷனில் ரயில் நிற்கும் சத்தம்கூட உள்ளே கேட்டதாக எனக்கு நினைவு. டேப் ஓடிக்கொண்டிருந்தது. மைக் சோதனைக்காக ஓடவிட்டது... சத்தியமாக அதற்காகத்தான்.

மறுநாள் மிஸஸ் சந்தானி வந்தார். வேகமான பாட்டுகளை எப்படியோ ஒப்பேற்றினார்; பத்து முறை வாசித்ததில் நல்ல துண்டுகளை நான் வெட்டி ஒட்டினேன். தட்டின் கடைசிக்கென்று அவரும் அதே டி மைனர் இசையைத்தான் வைத்திருந்தார். பியானோ படிக்கிறவர்கள் எல்லோரும் தொடுகிற இசை அது. வேகமாக வாசித்தால் தப்பு ஓடி ஒளிந்துகொள்ளும். மெதுவான இசையில் எங்கே ஒளிவது? சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மூன்று நாள் வந்தார். மூன்றாம் நாள் தலைவலி என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

தட்டு வெளியாகும் விழாவுக்கு அழைப்பிதழ் போயாகிவிட்டது. நாயக் சாகிப் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மைக் சோதனையின் டேப்பை நானே எடுத்துக்கொண்டு போய்ப் போட்டுக் காட்டினேன்.

இதைப் படித்தீர்களா? அவர் கேட்கவில்லை. நானே போட்டுக் காட்டினேன்! என் மதினியின் வாசிப்பு எவ்வளவு உயர்வு என்று அந்த மனிதருக்குக் காட்ட வேண்டும் என்ற பெருமையில் செய்தேன் என்று பல வருஷங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். சொன்னார்.

இதையே போட்டுவிடலாமே என்றார். ஆனால் ரொம்ப நீளம், தட்டில் மிச்சமிருக்கும் இடத்தில் கொள்ளாது. ரொம்ப அழுகை, பரிசாக வாங்குகிறவர்கள் சாவு வீட்டுக்கா வாங்குகிறார்கள்? கொஞ்சம் சுறுசுறுப்பாக்க முடியுமா?

“சலேகா, சாகிப்” என்றேன். நடக்கும், செய்துவிடலாம் என்று இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் சொல்கிற சொல்.

எப்படிச் செய்தேன் என்று சொல்கிறேன். டேப் மெஷினில் டேப்பை இழுத்துப் போகிற மெல்லிய இரும்புத் தண்டு ஒன்று உண்டு. அதன்மேல் பசை நாடாவைச் சுற்றினால் தண்டு பருக்கும். பருத்தால் டேப் வேகமாக ஓடும். சுற்றின்மேல் சுற்றாகச் சுற்றி, ஓடவிட்டு, இன்னொரு மெஷினில் பிரதி எடுத்தேன். வேகம் கூடினால் சுருதியும் கூடவே ஏறும். டி மைனர், அரைச் சுரம் ஏறி, இ ஃபிளாட் மைனர் ஆயிற்று. பியானோவின் கனத்த குரல் மெலிந்து, கண்ணாடி வளையல்போலக் கிணுகிணுத்தது.

அப்படியும் இடம் போதவில்லை. சவர பிளேடை எடுத்தேன். மதினி கையை எடுத்துவிட்டுக் காத்திருந்த அந்த மௌனங்கள்... அவற்றை ஒவ்வொன்றாக நறுக்கினேன். துண்டுகள் என் காலடியில் விழுந்தன. எதுவும் பதிவாகாத வெறும் டேப்தானே என்று சாகிப் சிரித்தார்.

ஒட்டி முடித்துக் கேட்டபோது, பிணத்தின் பின்னால் நடந்த இசை, புதுச் செருப்புப் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்குகிற பெண்ணாக மாறியிருந்தது. துக்கம் போய் ஒய்யாரம் வந்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பூரித்தேன்! ஒட்டு தெரியவில்லை, நடுக்கம் இல்லை. இப்படி ஒரு வேலையை பம்பாயில் வேறு எவன் செய்வான் என்று நெஞ்சு நிமிர்ந்தேன். அதையும் எழுதாமல் விட்டால் இந்த வாக்குமூலத்துக்கு அர்த்தமே இல்லை.

மிஸஸ் சந்தானியிடம், அவர் வாசித்ததில் நல்ல இடங்களையெல்லாம் சேர்த்திருப்பதாகச் சொன்னோம். முழுவதும் கேட்டார். இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாம் முறை கேட்கும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். பிறகு, ‘நன்றாக வந்திருக்கிறது’ என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டார். அவருக்குத் தெரியும். ஒருவருடைய கை அவருக்குத் தெரியாமல் போகுமா?

தட்டு வந்தது. விமர்சகர் எழுதினார். முதல் பக்கத்தை ஒரு வரியில் கடந்துவிட்டு, அந்தக் கடைசி இசையைத்தான் பத்தி பத்தியாகப் புகழ்ந்தார். டி மைனரின் வழக்கமான இருட்டிலிருந்து விலகிய துணிவாம், தேங்காத நடையாம். ஐயா, உம்முடைய வீட்டில் ஒரு பியானோகூடவா இல்லை? ஒரே ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்திருந்தால் அது டி மைனரே அல்ல என்று தெரிந்திருக்குமே! உறையில் அச்சடித்திருந்ததைப் படித்துவிட்டுக் கேட்டீர். அச்சு சொன்னதைக் காது நம்பிவிட்டது.

நான் ரெக்கார்டிஸ்ட் ஆனேன். நண்பர்களை மாட்டுங்காவில் கூட்டி வைத்துக் காபி வாங்கிக் கொடுத்து, கூடத்தில் என் பெயர்ப்பலகை மாட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டேன். மதினியின் மூல டேப் பீரோவில் இருந்தது. ஒருநாள் சாகிப் அதை வைத்திருப்பது ஆபத்து என்றார். அதன்மேலேயே ஒரு கூந்தல் தைல விளம்பரத்தைப் பதிவு செய்தேன். நல்ல டேப்பை வீணாக்கக் கூடாது பாருங்கள்.

இத்தோடு முடிந்திருந்தால் மதினிக்கு ஒன்றும் தெரியாமலே போயிருக்கும். அவர் வீட்டில் கிராமபோன் கிடையாது. ஆனால் செம்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு மிஸஸ் சந்தானி நன்கொடை கொடுப்பவர். தன் தட்டு ஒன்றையும் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார். அந்த வருஷத்து ஆண்டு விழாவுக்கு அவர்தான் தலைமை. விழாவில் மதினி பியானோ வாசிக்க வேண்டும், அதைக் கேட்டுவிட்டு நிர்வாகிகள் அவரை நிரந்தரமாக்குவார்கள் என்று பேச்சு. மதினி எதை வாசிக்கத் தேர்ந்தெடுத்திருப்பார்? அவருக்கென்று இருந்தது அந்த ஒன்றுதானே...

ஒத்திகையைக் கேட்ட பிரின்சிபால் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை. மற்ற டீச்சர்கள் முன்னாலேயே கிராமபோனைக் கொண்டுவரச் சொல்லி அந்தத் தட்டைப் போட்டாராம். இதுதான் வாசிப்பு, இதைக் கேட்டுக் கற்றுக்கொள், உன் வாசிப்பில் பிள்ளைகள் தூங்கிவிடும் என்றாராம். மதினி இசைத்தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார். இசையை எழுதிய ஆசானே தலைப்பில் ‘மிக மெதுவாக’ என்று குறித்திருப்பதைக் காட்டியிருக்கிறார். பிறகு பள்ளிப் பியானோவில் ஒரு கட்டையைத் தட்டி, இந்தத் தட்டில் இருப்பது டி மைனர் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

வெளிநாட்டில் படித்த மிஸஸ் சந்தானிக்கே மதராஸி டீச்சர் சுருதி சொல்லித் தருகிறாரா என்று யாரோ சிரித்தார்களாம். என்ன நெஞ்சழுத்தம் இருந்தால் சிரிப்பார்கள்! மதினியின் வாசிப்பைப் போட்டு, மதினியையே பார்த்து, இதுபோல வாசி என்று சொல்லி, சிரித்தும்விட்டார்கள்! இந்த இடத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். யோக்கியதை இல்லைதான். கொதிக்கிறது.

அன்று மாலையே மதினி என்னைத் தேடி மாஹிமுக்கு வந்தார். கூடத்தில் வேறு யாரும் இல்லை; வாடகைப் பியானோவும் என்றோ திரும்பிப் போயிருந்தது. குடையை மூலையில் சாய்த்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

“தம்பி, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லு. அந்தத் தட்டுல வாசிக்கது நாந்தானே?”

இல்லை என்றேன். மிஸஸ் சந்தானி மூன்று நாள் வந்து வாசித்தார், நான்தான் பதிவு செய்தேன் என்றேன்.

“அந்த மெட்டு ரெண்டாவது தடவ திரும்பி வாரப்போ நான் கட்டைவிரல கொஞ்சம் பிந்தி வப்பேன். எங்க டீச்சருக்கே அது பிடிக்காது. இந்தம்மாவும் அதே எடத்துல அப்படியே வைக்காவ.”

“நல்லா வாசிக்கறவங்க எல்லாரும் அந்த எடத்துல அப்படித்தான் வைப்பாங்க மதினி” என்றேன். எப்படி அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது!

அவர் விடவில்லை. அப்படியானால் சுருதி ஏன் ஏறியிருக்கிறது? அது பெரும்பாலும் கறுப்புக் கட்டைகளில் வாசிக்க வேண்டிய சுருதி ஆயிற்றே, அந்த அம்மாள் அதில் ஏன் வாசிக்க வேண்டும்? டேப்பை ஏதாவது வேகமாக ஓட்டினீர்களா?

கேட்டேவிட்டார். உண்மையின் வாசலுக்கே வந்து நின்றார். நான் நகர்ந்து வழிவிட்டிருந்தால் போதும். எனக்குத் தெரிந்ததெல்லாம் கதவைச் சாத்துவதுதான்.

கூடத்தில் ஆசிலேட்டர் என்று ஒரு கருவி இருந்தது. குமிழைத் திருப்பினால் ஒரே சுரத்தில் ‘ஊ’ என்று ஊதும். மெஷின்களைச் சோதிக்க வைத்திருந்தோம். எந்த எண்ணில் எந்தச் சுரம் என்று எனக்குத் தெரியும், மதினிக்குத் தெரியாது. குமிழை இ ஃபிளாட்டில் வைத்துவிட்டு, இதுதான் டி என்றேன்.

மதினி தலையைச் சாய்த்துக் கேட்டார். “இது டி இல்ல தம்பி. இது மேல.”

“மெஷின் மதினி. மெஷின் தப்பாச் சொல்லுமா?”

தட்டைப் போட்டேன். தட்டின் கடைசிச் சுரமும் ஆசிலேட்டரும் பொருந்தின. ஏன் பொருந்தாது... இரண்டையும் ஏற்றி வைத்தவன் நானல்லவா! பள்ளிக்கூடப் பியானோ பழசு, தந்தி தளர்ந்து சுருதி இறங்கியிருக்கும், தினமும் அதையே கேட்டுக் கேட்டு உங்கள் காதும் இறங்கிவிட்டது என்று விளக்கினேன். ஒரு டாக்டர்போல நிதானமாக விளக்கினேன்.

“கோயில் ஆர்கனும் அதே சுருதிதானே” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“அதுவும் பழசுதானே மதினி.”

மதினி ஆசிலேட்டரை இன்னொரு முறை ஊதவிடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதடு அசைந்தது. தன் காதுக்குள் இருந்த டி-யையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார் போலும். பிறகு கண்ணைத் திறந்தார்.

“அப்ப எனக்குத்தான் கெட்டுப்போச்சு” என்றார்.

நான் ஆசிலேட்டரை அணைத்தேன். குடையை எடுத்துக்கொண்டு போனார். மாஹிம் ஸ்டேஷன்வரை கூடப் போயிருக்கலாம். மெஷின்களை மூடிவைக்க வேண்டும் என்று சொல்லி அங்கேயே இருந்துவிட்டேன்.

ஆண்டு விழாவுக்கு நானும் போனேன். லில்லியோடு பின்வரிசையில் உட்கார்ந்தேன். மிஸஸ் சந்தானி முன்வரிசையில், கழுத்தில் முத்துமாலையோடு. மதினி மேடைக்கு வந்தார். தட்டில் இருந்ததுபோலவே வாசித்தார்! அந்த வேகம், அந்தத் துள்ளல்... நான் பிளேடால் வெட்டி எறிந்த மௌனங்களை அவர் தன் கையாலேயே வெட்டியிருந்தார். கட்டைவிரலைப் பிந்தி வைக்கவில்லை. ஒரு சுரம்கூடத் தப்பவில்லை.

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பிரின்சிபால் அம்மாள் எழுந்து நின்று தட்டினார். மிஸஸ் சந்தானி தட்டினாரா என்று பார்த்தேன். தட்டினார்; மேடையைப் பார்க்காமல், மடியைப் பார்த்துக்கொண்டு தட்டினார். அவரையும் வெறுக்கத்தான் நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் அவர் முகத்தில் என் முகத்தைக் கண்டேன். அதனால் இன்னும் அதிகமாக வெறுத்தேன்.

மதினிக்கு வேலை நிரந்தரமாயிற்று. ஆகவே என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். நாயக் சாகிப் கேட்டார். நான் ஒருமுறை மனம் தாளாமல் சொல்லப்போன பாதிரியாரும் ஏறக்குறைய அதையே கேட்டார். வேலை கிடைத்தது, பிள்ளை படிக்கிறாள், கர்த்தர் தீமையையும் நன்மையாக மாற்றுகிறார் என்றார். எல்லோருக்கும் லாபம்! ஒருவருக்கும் நஷ்டம் இல்லாத பாவம்! இதைக் கேட்டு அந்த அறையிலேயே கத்த வேண்டும்போல் இருந்தது எனக்கு.

நஷ்டத்தை நான் ஞாயிற்றுக்கிழமைதோறும் பார்த்தேன். பாடகர் குழு எழுந்து நிற்கும். மதினி இப்போது முனகுவதில்லை. முதலில் ஆர்கனை மிதித்து, ஒரு கட்டையை அழுத்திக் கேட்பார். கேட்ட பிறகும் நம்பிக்கை வராமல், முன்வரிசையில் நிற்கும் பெண்ணைப் பார்ப்பார். சரியாக இருக்கிறதா என்று கண்ணால் கேட்பார். அந்தப் பெண்ணுக்குச் சுருதியைப் பற்றி என்ன தெரியும்? அவள் தலையாட்டுவாள். அதன் பிறகுதான் பாட்டுத் தொடங்கும். ஒரு மனுஷியின் உடம்பில் ஓர் உறுப்பை எடுத்துவிட்டு, அவள் இன்னும் நடமாடுகிறாளே, என்ன குறை என்று கேட்கிறீர்கள்!

சில வருஷம் போயிற்று. அறுபதுகள் முடிகிற சமயம். நாயக் சாகிப் கூடத்தை விற்றுவிட்டார். எனக்கு விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ரேடியோ சோதிக்கும் வேலை. பயப்பட இனி யாரும் இல்லை. அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. ஆபத்து எல்லாம் ஓய்ந்த பிறகு வருகிற தைரியம்... அதைத் தைரியம் என்று எழுதவே கூசுகிறது.

ஒரு நண்பனின் கிராமபோனையும் அந்தத் தட்டையும் தூக்கிக்கொண்டு வடாலாவுக்குப் போனேன். சனிக்கிழமை மத்தியானம். மதினி மீன் கழுவிக்கொண்டிருந்தார். லில்லி பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மைக் சோதனை, பசை நாடா, பிளேடு, ஆசிலேட்டரின் குமிழ், கூந்தல் தைலம் எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன்.

மதினி கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்து கேட்டார். நான் முடித்ததும் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“யாரு ஒங்கிட்ட என்ன சொன்னா? நான் கோயில்ல தடுமாறுதேன்னு யாராவது பேசினாவளா?”

யாரும் சொல்லவில்லை என்றேன். நடந்ததைத்தான் சொல்கிறேன் என்றேன்.

“எனக்காவ இப்படியெல்லாம் சொல்லாத தம்பி. காது போனா போச்சு. வயசு ஆவுதுல்லா.”

அவர் நம்பவில்லை!

எனக்கு வெறி பிடித்ததுபோல் ஆயிற்று. கிராமபோனைத் திறந்து தட்டைப் போட்டேன். சுழலும் தட்டின் விளிம்பில் விரலை வைத்து அழுத்தி, வேகத்தைக் குறைத்தேன். சுருதி இறங்கியது. இதுதான், இந்த இடம்தான், இப்போது டி மைனர் கேட்கிறதா என்று கத்தினேன். என் விரல் நடுங்கியதால் இசை குழறியது. ஏறி இறங்கி, குடித்தவன் பாடுவதுபோல ஊளையிட்டது. வெட்டி எறிந்த மௌனங்கள் அதில் எப்படித் திரும்பி வரும்? அவை என்றோ குப்பைக்குப் போய்விட்டன.

மதினி பாதிவரைகூடக் கேட்கவில்லை. மெல்ல என் கையை எடுத்துவிட்டார்.

“கையால பிடிச்சு நிறுத்தினா எந்தப் பாட்டும் அழுகுற மாதிரிதான் கேக்கும்” என்றார். “அந்தம்மா நல்லா வாசிச்சிருக்காவ. அவிய தட்டக் கேட்டுத்தான் நான் மாத்தி வாசிச்சேன். எனக்கு வேலையும் கெடச்சுது. அவியள வம்புக்கு இழுக்கக் கூடாது.”

சாட்சி இல்லை. டேப்பை நானே அழித்திருந்தேன். மெஷின் பொய் சொல்லாது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவனும் நானே. இப்போது மெஷினுக்கு எதிராக என் வாயை எப்படி நம்புவார்? என் பொய்யை அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறேன்! ஒட்டுத் தெரியாத வேலை!

என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். வெளியே போ என்று சொல்லியிருந்தால் போயிருப்பேன். மன்னிக்கவும் அவரால் முடியாது. நடந்ததாக நம்பினால்தானே மன்னிப்பதற்கு! அவருடைய கணக்கில், மதினியின் மனம் நோகக்கூடாதென்று தன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்ள வந்த கொழுந்தன் நான்.

ஒரு விஷயம் சொல்கிறேன், நீங்கள் முகம் சுளித்தாலும் சரி. அந்த நிமிஷத்தில் எனக்கு மதினிமேலேயே கோபம் வந்தது. உங்கள் காதை நம்புவதற்கு உங்களுக்கு ஏன் இன்னொருவன் சொல்ல வேண்டும் என்று அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவரிடமிருந்து அதைப் பறித்த நானே, ஏன் உங்களிடம் அது இல்லை என்று அதட்டப் போனேன்! இப்படியும் ஒரு மனிதன் இருக்கிறான்... கண்ணாடியில் தினமும் அவனுக்குத்தான் நான் சவரம் செய்துவிடுகிறேன்.

அவர் எழுந்து சமையல் மூலைக்குப் போனார். ஸ்டவ்வைப் பற்றவைத்தார். ரேஷன் அரிசிதான், கல் பார்த்துச் சாப்பிடு என்றார். தட்டில் சோறு போட்டு, மீன் குழம்பு ஊற்றி, பெரிய துண்டை எனக்கு வைத்தார்.

“நீ நல்ல பிள்ள தம்பி” என்றார். “ஒங்க அண்ணனும் இப்படித்தான். அடுத்தவங்க தப்பையெல்லாம் தன்மேல போட்டுக்கிடுவாவ.”

வேண்டாம் என்று எழுந்திருக்க வேண்டும். அந்தச் சோற்றைத் தொட எனக்கு உரிமை இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

பசி இருந்தது. சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் போடுங்கள் மதினி என்று கேட்டும் வாங்கிக்கொண்டேன்.